மருந்தில்ல, கசாயம்

செடிகளுக்கு வைத்தியம் சொல்லுகிற தொழிலில் ஒரு சுகம் உண்டு, நோயாளி வாய் திறக்கமாட்டார். ஒரு கஷ்டமும் உண்டு, நோயாளியின் சொந்தக்காரர்கள் வாய் மூடமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரி, இரண்டு பாவல் கொடி வைத்து, நஞ்சு அடிக்காமல் ஒரு கறிக்குக் காய் பறித்துவிட வேண்டும் என்று பாடுபடுகிற உங்களுக்கு இது புதிதாக இராது. புழு உங்கள் நித்திரையையும் தின்றிருக்கும்.

நான் கற்பிட்டிப் பக்கம், ஆலங்குடாவுக்குப் போகிற வழியில் இருக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு உப்பளத்தில் வேலை. முதுகு போதும் என்று சொன்னதும் தோட்டத்துக்கு வந்தேன். உப்பு மூட்டைகளை எண்ணிப் பழகிய கண் இப்போது இலைகளை எண்ணுகிறது. எத்தனை நட்டேன், எத்தனை பிழைத்தது, எத்தனையில் பூச்சி என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆட்களோடு கதைக்க வேண்டி வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஊறவைத்து, உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, இடித்துச் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் போத்தலில் கொடுப்பேன். அடுப்புச் சாம்பலும் மீன் கழுவிய தண்ணீரும் அவரவர் வீட்டிலேயே இருப்பதால் அதற்கு யோசனை மட்டும் சொல்லுவேன். ஊரில் எனக்குப் பெயர் கசாயக் காக்கா. எங்கள் முஸ்லிம் ஊர்களில் காக்கா என்றால் அண்ணன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஆட்களைத் திருத்துவேன். நான் கொடுப்பதை மருந்து என்று சொல்லக்கூடாது. எங்கள் தோட்டங்களில் மருந்து என்றால் கடையில் வாங்குகிற நஞ்சு. மருந்து அடித்தான் என்றால் நஞ்சு அடித்தான். ஆகவே யார் கேட்டாலும், "மருந்தில்ல, கசாயம்" என்பேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆணியில் தொங்கிய மெசின்

எனக்கும் பக்கத்து வீட்டு ஹனிபாவுக்கும் குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது ஹனிபாவின் மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் நிலம் முழுக்க மணல். மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால், ஊற்றிய இடம் தெரியாமல் கீழே போய்விடும். எங்கே போகும்? கிணற்றுக்குத்தான் போகும். ஹனிபா மெசினைத் தோளில் போட்டு மருந்து அடிக்கிற நாளெல்லாம் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்ல நினைப்பது எதுவும் வாயில் வராது.

ஹனிபாவின் உம்மா சுலைஹா தாத்தாதான் என்னைத் தள்ளிவிட்டார். தாத்தா என்றால் எங்களுக்கு அக்கா, என்னைவிட மூத்தவர். "தம்பி, தண்ணி வாயில வச்சா மருந்துக் கடை மணக்குது. நான் சொன்னா, உம்மாக்கு நாக்குச் செத்துப் போச்சு எண்டு மகன் சொல்றான். நீ சொல்லு" என்றார். அஸர் தொழுதுவிட்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவன் முன்னால் நின்றதும் பாதி மறந்து போனது. மிச்சத்தைச் சொன்னேன்: இந்தப் போகம் மட்டும் கிணற்றடி மிளகாய்க்கு நஞ்சு வேண்டாம், கசாயம் நான் தருகிறேன், காவலும் நான் பார்க்கிறேன்.

ஹனிபா கெட்டவன் அல்ல. அந்த மிளகாய்தான் அவன் வீட்டுக்கு அரை வருசத்துச் சோறு. அதனால் கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு மெசினைக் கொண்டுபோய், என் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, தாவாரத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னான்: "இலை சுருளாம இரிந்தா இது இந்த ஆணியிலயே தொங்கட்டும் மாமா. சுருண்டுச்சோ, ஒருத்தர்ட முகமும் பார்க்கமாட்டன், தோள்ல போட்டுருவன்."

அன்றிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, அந்த ஆணியை.

என் பின்னால் வந்த சுலைஹா தாத்தா ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பெருநாப் பிறை பார்க்கிற மாதிரி பார்க்கிறியே தம்பி, அது தேயிற சாமானா?"

பொட்டு வைத்த காவல்காரர்கள்

நஸார் ஓட்டோ ஓட்டுகிறவர். அவருடைய பயற்றங்காய்க் கொடியின் குருத்தெல்லாம் அழுக்கணவன். கறுப்பாக, எள்ளைக் கொட்டி ஒட்டினது மாதிரி அடை அடையாக உட்கார்ந்து சாறு குடிக்கிற பூச்சி. விடிய, இலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த சாம்பலைத் தூவுங்கள், கொடியில் ஏறுகிற எறும்பை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எறும்புதான் அழுக்கணவனை மாடு வளர்க்கிற மாதிரி வளர்க்கிறது. நஸார் வீட்டில் காஸ் அடுப்பு. சாம்பலுக்காக அவர் மூன்று வீடு ஏறி இறங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் ஓட்டோவை வேலியோடு சேர்த்து நிறுத்தினார். கையில் ஜாம் போத்தல். "புடிச்சிட்டன் காக்கா, முழுக் கூட்டத்தையும் ஒண்டும் விடாம புடிச்சிட்டன்!" உள்ளே சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த வண்டுகள், எல்லாம் செத்து. வாங்கி எண்ணினேன். முப்பத்தொன்று. அவை பொறிவண்டுகள். அழுக்கணவனைத் தின்பதற்கென்றே அல்லாஹ் அனுப்பியவை.

அவர் மேல் குற்றமில்லை. இதே சாயலில் இன்னொன்று இருக்கிறது, பாவல் இலையை வலை மாதிரி அரித்துத் தின்னும். அதன் முதுகு மங்கலாக, தூசி படிந்த மாதிரி இருக்கும், பொட்டுகளும் அதிகம். முதுகு மினுங்கினால் நம் ஆள், பொட்டு குறைவாக இருக்கும். இதைச் சொல்லி முடித்ததும் நஸார் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "காவல்காரன்ட உடுப்பு இவ்வளவு வடிவா இரிக்கும் எண்டு எனக்கென்ன தெரியும் காக்கா? நான் பார்த்த காவல்காரன் எல்லாம் காக்கியிலதானே வாறான்!"

உப்புப் போட்டால் பேர் மாறுமா

உச்சமுனையிலிருந்து கலியாணம் முடித்து வந்த பிள்ளை ஒன்று, பெயர் பரீதா. புருசன் கடலுக்குப் போகிறவர். கத்தரிச் செடி வளர்த்தி இல்லாமல் நிற்கிறது என்று வந்தது. வீட்டில் மீன் இல்லாத நாள் இராதே என்று, மீன் கழுவிய தண்ணீரை எடுத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து, தண்டில் படாமல் தள்ளி ஊற்றச் சொன்னேன். நூற்றில் ஒரு தரமும் தவறாத யோசனை.

நூற்றியோராவது தரம் தவறியது. பரீதா இலை கொண்டு வந்தது. ஓரமெல்லாம் நெருப்பு வைத்த மாதிரி கருகி இருந்தது. போய்ப் பார்த்தேன். பதினெட்டுச் செடியில் பதினொன்று அப்படி. அடிமண்ணில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பளத்தில் கிடந்த நாக்குக்கு இரண்டாவது தடவை தேவையில்லை. "என்ன மீன் கழுவினது மகள்?" என்று கேட்டேன். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடித்து, தோணி ஒன்றும் இறங்காத கிழமை அது. மீன் இல்லை. ஆனால் காக்கா சொன்னதை நிறுத்தக்கூடாது என்று, கருவாடு ஊறவைத்த தண்ணீரைப் பத்துப் பங்கும் கலக்காமல் அப்படியே ஊற்றியிருக்கிறது.

அந்த மண்ணைச் சுற்றிக் கிளறி அள்ளி அப்புறப்படுத்தி, புது மண்ணும் காய்ந்த சாணமும் போட்டு, நல்ல தண்ணீர் நிறைய விட்டு, தென்னம் மட்டையால் மூடிவைத்தோம். மணல் நிலத்தில் அது ஒரு நன்மை. கெட்டது இறங்குகிற வேகத்தில் உப்பும் இறங்கும். பதினொன்றில் எட்டுத் துளிர்த்தது. தலையைச் சொறிந்துகொண்டு நின்ற புருசன்தான் தன் பெண்சாதிக்காகக் கதைத்தார்: "கருவாடும் மீன்தானே காக்கா, உப்புப் போட்டதும் அது பேர மாத்திக்கும் எண்டு கத்தரிக்கு யார் சொன்ன?"

காக்கா வந்து கொத்திய தக்காளி

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மலைநாட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஜெஸீமா என்ற பெண்ணின் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, பின்வளவில் தக்காளி நட்டார். நானும் விடிய ஒரு தரம் அந்த வளவுக்குப் போய், தக்காளிக் கொடிக்குக் கம்பு கட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு வருவேன். மண்ணைத் தொடுகிற இலையில்தான் நோய் முதலில் ஏறும். டீச்சர் எழும்பும் முன் திரும்பிவிடுவேன். கூச்சம்.

ஒரு பின்னேரம் ஜெஸீமா என் வேலியோரம் வந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றது. "காக்கா, கோவிக்கக்கூடாது. பழம் வேணுமெண்டா கேட்டு வாங்கலாம்தானே. டீச்சர் பாவம், அழாத குறை." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து இழுத்துச் சொன்ன பிறகு விசயம் வெளியே வந்தது. டீச்சர் சொன்னாராம்: காக்கா தினமும் விடியக்காலையில் வந்து, பழுத்த தக்காளியை எல்லாம் கொத்தி, பாதி தின்று, பாதியைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது!

விடியக்காலையில் அந்த வளவுக்குள் போகிற காக்கா நான் ஒருவன்தான். என் காது சுட்டது. பேசாமல் வீட்டுக்குள் போய், மீனவர்கள் கழித்த வலைத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஜெஸீமாவோடு நடந்தேன். டீச்சர் கிணற்றடியில் நின்றார். கூரை மேல் நாலு காகங்கள் இருந்தன. நான் காகத்தைக் காட்டினேன், தக்காளியைக் காட்டினேன், பிறகு என் நெஞ்சைக் காட்டி இல்லை என்று தலையாட்டினேன். டீச்சருக்கும் விளங்கவில்லை. ஜெஸீமாதான் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. டீச்சரின் ஊரில் காகத்துக்குத்தான் காக்கா என்று பேராம்.

வலையைத் தக்காளிக்கு மேல், செடியில் படாமல் உயர்த்திக் கட்டினோம். பழம் முற்றாகச் சிவக்கும் வரை விடாமல், நிறம் திரும்பியதும் பறித்து உள்ளே வைத்துப் பழுக்க விடச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு பழம் போகவில்லை. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே உங்கள ஐயான்னே கூப்பிடுறேன். காக்கா வலையில மாட்டிருச்சுன்னு நான் கத்துனா ஊரே ஓடி வந்துரும்!"

ஓட்டை

ஆலங்குடாவில் காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டல் ஒன்றுக்குக் கீரை கொடுக்கிறேன். நான் ஓட்டை விழுந்த இலையை ஒவ்வொன்றாகக் கழித்து, ஓட்டையில்லாததை மட்டும் கட்டுவேன். கீரைக்கு நான் செய்வதெல்லாம், பாத்தியை மாற்றி மாற்றி விதைப்பதும், விடிய இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையை நசுக்குவதும்தான். என் கட்டில் ஓட்டை இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் பெருமை. உங்களிடம் மறைப்பானேன்.

ஒருநாள் ஹோட்டல் சமையல்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். சாப்பிட வந்தவர்கள் இலை இவ்வளவு சுத்தமாக இருந்தால் நஞ்சு அடித்தது என்று சந்தேகப்படுகிறார்களாம். பூச்சி தின்ற அடையாளம் இருந்தால்தான் நம்பிச் சாப்பிடுகிறார்களாம். அன்று கழித்துப் போட்ட இலைகள் என் ஆட்டின் வாயில் இருந்தன. சமையல்காரர் என் தோளில் கை வைத்து, இரக்கத்தோடு சொன்னார்: "கட்டுக்கு ரெண்டு ஓட்ட இலை வைங்க காக்கா. பூச்சி திண்டதத்தான் இவங்க திண்ணுவாங்களாம்."

புதைத்த நோயாளிகள்

கச்சான் காற்று மும்முரமானதும் வெள்ளை ஈ வந்தது. செடியைத் தட்டினால் மாவு பறந்த மாதிரி எழும்பும். கிணற்றடி மிளகாயில் இலை சுருளத் தொடங்கியது. மஞ்சள் எண்ணெய்த் தகரங்களை வெட்டி, விளக்கெண்ணெய் பூசி, செடி உயரத்துக்குக் கம்பில் மாட்டினேன். மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். பொழுதுபட, இலையின் கீழ்ப்பக்கம் நனைகிற மாதிரி கசாயம் அடித்தோம். ஹனிபாவின் பெண்சாதி ரைஹானா கைப்பம்பு வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக அடிப்பாள். பகலில் கசாயம் அடித்தால் வெயிலில் அதன் வீரியம் போய்விடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் முழுதாகச் சுருண்ட செடிக்கு ஒன்றும் செய்ய முடியாது. அதை வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் ஈ நோயைக் கொண்டுபோகும். தோட்டம் முழுக்க நடந்து எண்ணினேன். நானூற்றி இருபதில் இருபத்தாறு. ஒவ்வொன்றாக, சாக்கை மேலே கவிழ்த்து, ஈ பறக்காமல் பிடுங்கினேன். தூரத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். காய் பிடித்திருந்த செடிகளும் அதில் இருந்தன. ஹனிபா பார்த்துக்கொண்டு நின்றான். நான் திரும்பி வரும்போது ஆணி வெறுமையாக இருந்தது. மெசினைக் கழற்றிக் கழுவி, வாசற்படியில் வைத்திருந்தான்.

சுருண்ட இலை மறுபடி விரியாது, வெள்ளிக்கிழமைக்குள் புதுத் துளிர் எப்படி வருகிறது என்று மட்டும் பார், அதுவரை பொறு என்று கேட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்று வந்தது எனக்கே ஆச்சரியம். அவன் மண்வெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி மாமா, வெள்ளி வரைக்கும். ஆனா நோயாளியப் புதைச்சிட்டு வந்து சுகமாகும் எண்டு சொல்ற வைத்தியர இப்பதான் பார்க்கிறன்."

மாமி மருந்தைக் குடித்த கதை

அந்தக் கிழமை சுலைஹா தாத்தாவுக்கு முழங்கால் வலி கூடியிருந்தது. எங்கள் பக்கத்தில், பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையிடம் போனால், பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, பன்னீர் கலந்த தண்ணீரால் கழுவித் தருவார். விடிய வெறும் வயிற்றில் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வெளிறிய மஞ்சள் நிறம். என் கசாயமும் வெளிறிய மஞ்சள் நிறம். இரண்டும் ஒரே மாதிரிச் சோடாப் போத்தலில், குசினியில் சமையல் சாமான் வைக்கிற ஒரே தட்டில் இருந்தன. மாறிவிடக்கூடாது என்றுதான் நான் என் போத்தல் ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை வலை நூல் கட்டிக் கொடுக்கிறேன். அந்த நூல் உறுதியாக இருக்கிறது என்று ரைஹானா கழற்றி, பாவல் கொடியைக் கட்டிவிட்டிருக்கிறாள்.

வியாழன் விடிய, நான் ஆணி இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ரைஹானாவின் கத்தல் கேட்டது. "யா அல்லாஹ்! மாமி மருந்தக் குடிச்சிட்டா!" எங்கள் ஊரில் ஒருவர் மருந்து குடித்தார் என்றால் அதற்கு ஒரே கருத்துத்தான். வேலிகள் எல்லாம் ஆட்களாக நின்றன. "எதுக்காம்? மகனோட சண்டையாம்?" என்று அதற்குள் ஒரு குரல். ஹனிபா உம்மாவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் முகத்தில் இருந்த பயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. கசாயத்துக்கு ஒருவன் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. நான் தட்டில் பாதியாக இருந்த போத்தலை எடுத்து மணந்து பார்த்தேன். வேம்பு, உள்ளி, சவர்க்காரம். என்னுடையதுதான். ஆனாலும் சவர்க்காரம் சேர்ந்தது, வயது போன மனுசி. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். போத்தலையும் எடுத்துக்கொண்டு நஸாரின் ஓட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஓடிவந்து, "என்ன மருந்து குடிச்சது? பேரச் சொல்லுங்க, சுணங்க ஏலாது" என்றார். ஹனிபா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேர்ஸையே பார்த்தான். அப்போதுதான் அது நடந்தது. "மருந்தில்ல! கசாயம்!" என்று நான் கத்தினேன். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். திரும்பட்டும் என்று, எத்தனை கைப்பிடி கொட்டை, எத்தனை பல் உள்ளி, எவ்வளவு சவர்க்காரம், எவ்வளவு தண்ணீர் என்று ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். டொக்டர் போத்தலை மணந்து பார்த்தார். சோதித்தார். பின்னேரம் வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், போத்தல்களைக் குசினியில் வைக்காதீர்கள் என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த சுலைஹா தாத்தாவிடம், முதல் மிடறிலேயே கசப்புத் தெரியவில்லையா, ஏன் துப்பவில்லை என்று கேட்டேன். அவர் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஓதின தண்ணி இவ்வளவு கசக்காதே எண்டுதான் நெனைச்சன் தம்பி. பொறகு, கசக்கிறது என்ட பாவமாக்கும் எண்டு கண்ண மூடி முழுங்கிட்டன்."

மூன்றாவது போத்தல்

கசாயத்தை உம்மா குடித்தார் என்றால், முதல்நாள் பொழுதுபட மிளகாய்க்கு அடித்தது எது? ரைஹானாவுக்குக் கடுமையான தடிமன், மூக்கடைத்து மணம் தெரியவில்லை. லெப்பையின் தண்ணீர் முழுவதையும் வாளியில் கலந்து, இலையின் கீழ்ப்பக்கம் நனைய நனைய, நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே அடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். மிளகாயில் பன்னீர் மணத்தது.

ஹனிபா என் பின்னால் வந்தான். குசினித் தட்டிலிருந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து, இன்னொரு சோடாப் போத்தலை எடுத்து வந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குத் தயாராக, கூட்டாளி ஒருவரோடு பாதி பாதியாக வாங்கிய கடை மருந்து. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உம்மா எடுத்த போத்தலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு டின்தான் இருந்தது. அவன் விடிய ஓடிவந்தபோது முகத்தில் கண்டது அந்தப் பயம். இரண்டு பேரும் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தோம். பிறகு அவன் மூடியைத் திறக்கப் போனான், ஊற்றிவிடுவதற்கு. நான் கையைப் பிடித்தேன். எங்கே ஊற்றுவது? மணலில் ஊற்றினால் கிணறு. அப்படியே மூடி இறுக்கி, சாக்கில் சுற்றி, வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாக நடந்து துளிர் பார்த்தோம். முன்னூற்றித் தொண்ணூற்று நாலு செடி. ஏழில் மட்டும் துளிர் இன்னும் கொஞ்சம் சுருங்கி இருந்தது. மிச்சமெல்லாம் தட்டையாக, மினுங்கிக்கொண்டு, உள்ளங்கை விரித்த மாதிரி. நான் இன்னொரு தரம் எண்ணினேன். ஹனிபா எண்ணவில்லை. மெசினைத் தூக்கிக்கொண்டு போய் ஆணியில் மாட்டப் போனவன், மாட்டாமல் அதை என் கையில் கொடுத்தான். "இதயும் அந்தக் கடைக்கே குடுத்திருங்க மாமா. உம்மா தவறிக் குடிச்சாலும் வீட்டுக்குத் திரும்பி வாற சாமானத்தான் இனி இந்தக் கிணத்தடியில அடிப்பன்."

மிளகாயைச் சுகப்படுத்தியது லெப்பையின் தண்ணீர், சுலைஹா தாத்தாவின் முழங்காலைச் சுகப்படுத்தியது கசாயக் காக்காவின் மருந்து என்று ஊர் முழுக்கக் கதை, நான் அதில் திருத்துவது வழக்கம்போல ஒரு சொல்லைத்தான்.